தோற்ற நாளிலும் நம்ம பையன்தான்

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்த்தலில் நடப்பு சாம்பியன் டிங் லிரென் ரூக்கை எஃப்2 கட்டத்தில் வைத்தார். ரூக்கும் பிஷப்பும் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும்தான். அதில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தவர் குகேஷ். சற்று நேரத்தில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ் அழுதார். அழுதுகொண்டே கலைந்த காய்களை அதனதன் கட்டத்தில் அடுக்கி வைத்தார்.

அந்தக் காட்சியை எல்லோரும் கொண்டாடிவிட்டோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது முந்தைய நான்கு நாட்கள். டிசம்பர் 8-ல் 11-வது ஆட்டத்தை வென்று முன்னிலை பெற்றார். மறுநாளே 12-வதில் படுதோல்வி, புள்ளிகள் 6-6. முதல் ஆட்டத்திலும் வெள்ளைக் காய்களோடு தோற்றவர்தான். அதே ஆண்டு ஏப்ரலில், சாம்பியனை எதிர்த்து ஆடுபவரைத் தேர்வு செய்யும் டொரண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் 7-வது சுற்றில் அலிரேசா ஃபிரோஜாவிடம் தோற்றார். 13-வது சுற்றில் அதே அலிரேசாவை வீழ்த்தினார். தோல்வி வலிக்கவில்லை என்று அவர் நடிக்கவில்லை. வலியோடு அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

டிங்கையும் சொல்லியாக வேண்டும். பட்டம் பறிபோன அன்றே பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து, முடிவு நியாயமானதே என்றார். சாம்பியனுக்குரிய பேச்சு அது.

குகேஷ் வென்றதும் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு தெலுங்குப் பிள்ளை என்று வாழ்த்தினார்; தமிழக அரசு 5 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் பொதட்டூர்பேட்டை போன்ற ஊர்களுக்கு இந்த உரிமைப் போட்டி புதிதல்ல. சந்தோஷம்தான். ஆனால் இரண்டே மாதத்துக்குள், 2025 பிப்ரவரி 2 அன்று, நெதர்லாந்தின் டாட்டா ஸ்டீல் போட்டியில் குகேஷ் கடைசிச் சுற்றில் அர்ஜுன் எரிகைசியிடம் தோற்றார். பிரக்ஞானந்தாவும் அன்று தோற்றதால் இருவரும் முதலிடத்தில் சமநிலை. டை-பிரேக்கில் முதல் ஆட்டம் குகேஷுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு, கோப்பையைத் தீர்மானித்த மூன்றாவதும் பிரக்ஞானந்தாவுக்கே. அன்று மாலை குகேஷைச் சொந்தம் கொண்டாட எத்தனை பேர் முன்வந்தோம்?