திரைகடலும் வெண்டிரையும்: 'கிட்ஜெற்' கதை பற்றிய ஓர் ஆய்வு

இளைஞரின் உடையைக் கொண்டு அவர்தம் ஒழுக்கத்தை அளப்பது எந்நாட்டு முதியோர்க்கும் எளிதான வழக்கம். உடை கண்ணுக்குப் புலப்படும். அஃது எத்தொழிலின்பொருட்டு எழுந்தது என்பதோ உசாவினாலன்றிப் புலப்படாது. நிலத்தின் கருப்பொருள்களை எண்ணிய தொல்காப்பியர் தொழிலை வெளிப்படக் கூறி, உடையைப் 'பிற' என்பதனுள் அடங்கவிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கலிபோர்ணியாக் கடற்கரையில் அலைச்சறுக்கே வாழ்வெனக் கொண்ட இளைஞர் குழாம் ஒன்று தோன்றியது. அதனை உலகறியச் செய்தது 'கிட்ஜெற்' என்னும் கதை. 1957இல் நாவலாகவும் 1959இல் திரைப்படமாகவும் வெளிவந்த அக்கதை, அவர்தம் கோலத்தைக் காட்டிய அளவிற்கு அவர்தம் தொழிலைக் காட்டியதா என்பதே இங்கு ஆராயப்படுவது.

அலைச்சறுக்காவது, எழுந்துவரும் அலையின் சரிவிலே பலகைமீது நின்று கரைநோக்கி வழுக்கிவரும் கலை. ஹவாய்த் தீவினர் அதனைத் தொன்றுதொட்டுப் பயின்றனர். அரசரும் குடிகளும், ஆடவரும் மகளிரும் அதில் வல்லவராயிருந்தனர். ஹவாயிற் பிறந்த ஜோர்ஜ் பிறீத் 1907இல் அதனைக் கலிபோர்ணியாவிற் செய்துகாட்டினார். ஆயினும் கலிபோர்ணியாவின் கடல் ஹவாய்க் கடல்போல் வெதுவெதுப்பானதன்று. இந்தக் குளிர் ஒன்றை மறந்தால் பின்வந்த உடை முழுவதும் வெறும் பகட்டாகவே தோன்றும்.

நீரினின்று நடுங்கிக்கொண்டு கரையேறியவர் தோளிற் போட்டுக்கொண்டதே கட்டமிட்ட கம்பளிச் சட்டை. மரவேலை செய்வோரும் வேட்டையாடுவோரும் அணிந்த பென்டில்ரன் சட்டை அவர்க்கு வாய்ப்பாக அமைந்தது. சாதாரண நீச்சற் காற்சட்டையோ பலகையில் உராய்ந்து விரைவிற் கிழிந்தது. எனவே ஹவாயின் வையனே ஊரில் எம். நீ என்னும் தையற்காரரிடம் அவர்கள் உறுதியான காற்சட்டை தைப்பித்தனர். கலிபோர்ணியாவிலோ, படகுகளுக்குக் கித்தான் மூடுசீலை தைத்துவந்த கேற்றின் தம்பதியரை நாடினர். படகை மூடிய சீலையே காற்சட்டையாயிற்று. சான் பிரான்சிஸ்கோவில் 1952இற் கடை திறந்த ஜக் ஓ'நீல் குளிரைத் தாங்கும் றப்பர் உடையைப் பரப்பியதும் இத்தேவையினாலேயே. முழங்காலிட்டுப் பலகையைக் கையாற் செலுத்தியதனால் முழங்காலிலும் புறங்காலிலும் எழுந்த காய்ப்பு ஒன்றே எக்கடையிலும் விலைக்குக் கிடையாதது. அக்குழாத்தினர் அதனைப் பெருமையாகவே காட்டினர்.

பலகையின் கதை இன்னும் சுவையுடையது. பழைய முழுமரப் பலகைகளுட் சில 100 இறாத்தலளவு நிறையுடையன. 1947இல் ஜோ குயிக் என்பவர் டரிலின் சனுக் என்னும் பெண்ணுக்கென இலேசான பலகை ஒன்றைச் செய்தார். அதனை இரவல் வாங்கி ஏறிய ஆடவர், அது விரும்பிய பக்கம் எளிதில் திரும்புவதைக் கண்டு வியந்தனர். மலிபுப் பலகை எனப் பின்னர்ப் புகழ்பெற்ற வகைக்கு வித்திட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஆகவே மகளிர் இக்கலைக்குப் பிந்திவந்த விருந்தினர் என்ற எண்ணம் பிழையானது.

மலிபுக் கரைக்கு 1956இற் சென்ற பதினைந்து வயதுச் சிறுமி கதி கோனர். உணவைக் கொடுத்துப் பலகையை இரவல் பெற்றே அவள் பழகினாள். அவளுடைய தந்தை பிரெடெரிக் கோனர், பொகிமியாவிற் பிறந்த யூதர். ஜேர்மன் திரையுலகிற் பணியாற்றி, நாற்சிகளின் எழுச்சியால் அந்நாட்டை நீங்கி ஹொலிவூட்டை அடைந்தவர். மகள் கூறியவற்றையும் அவள் தோழியரோடு தொலைபேசியிற் பேசியவற்றையும் கேட்டு, அவள் கூற்றாகவே நாவலை அவர் எழுதினார். ஜேர்மன் மொழியில் வளர்ந்த ஒருவர் அமெரிக்கச் சிறுமியரின் கொச்சையை இவ்வளவு நுணுகிக் கேட்டமை பாராட்டத்தக்கது. நூலின் நயமும் அச்செவியிலேயே உள்ளது. கதைத்தலைவி பிரான்சி கடலைக் கற்கிறாள், வீழ்கிறாள், மீண்டும் ஏறுகிறாள். முடிவில் அவளது காதல் ஆடவரிலும் பலகையின்மீதே மிகுந்து நிற்கிறது. இலேசான நூலாயினும் இம்முடிவால் அது பொய்யுரைக்காது தப்பியது.

திரைப்படமோ அம்முடிவைத் தலைகீழாக்கியது. பலகை பின்னொதுங்க, காதலன் முன்வருகிறான். ஹோபர் என்ற குடிப்பெயரும் லோறன்ஸ் என மாற, வந்தேறிய குடும்பத்தின் வாசனையும் மறைகிறது. கரையிற் குடிசையிட்டு வாழும் தலைவனுக்கு இட்ட 'கஹூனா' என்னும் பெயர் ஹவாய் மொழியிற் குருவையும் வல்லுநனையும் குறிப்பது; படத்தில் அது வேலையற்றவனின் பட்டப்பெயர். ஹவாய் அமெரிக்க மாநிலமாகியதும் அதே 1959ஆம் ஆண்டிலேதான்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. முகந்தெரியும் இடங்களிற் சன்ட்றா டீ, ஒளிப்படமாக ஓடும் அலைகளின்முன் நிற்கிறார். உண்மையான அலையிற் கிட்ஜெற்றாகச் சறுக்கியவரோ மிக்கி முனோஸ் என்னும் ஆடவர். பெண்ணின் நீச்சலுடையும் பொய்ம்மயிரும் அணிந்து அவர் நடித்தார். அதாவது பெண்ணின் உடை படத்தில் உண்டு. பெண்ணின் திறன் இல்லை. திறனை நீக்கியபின் எஞ்சும் உடையை எவரும் வாங்கலாம் அன்றோ? வணிகர் செய்ததும் அதுவே. பலகையின் நுனியிற் பத்து விரல்களும் வெளியே நிற்க நிமிர்ந்து நிற்பது அரிய ஆற்றல். அதன் பெயரான 'ஹாங் ரென்' 1960இல் ஒரு சட்டை வணிகத்தின் பெயராயிற்று. 'பீச் போய்ஸ்' இசைக்குழுவினர் முதலிற் கம்பளிச் சட்டையின் பெயரைத் தழுவிப் 'பென்டில்ரோன்ஸ்' எனப்பட்டனர். அவருள் அலையேறத் தெரிந்தவர் டெனிஸ் வில்சன் ஒருவரே. வெயிலும் உப்பும் வெளுக்கச்செய்த தலைமயிரைக் கடல் காணாத இளைஞர் மருந்திட்டு வெளுத்துக்கொண்டனர். இவர்களைக் கண்டே முதியோர் அக்குழாம் முழுவதையும் சோம்பர் எனப் பழித்தனர். பழிப்புக்கு ஆதாரமாய் நின்றது கடல் அன்று, கடை.

அப்படத்தைக் கண்டே சிறுமியர் பலர் பலகை தேடிக் கடலுக்குச் சென்றனர் என்பர் சிலர். அஃது உண்மையே. ஆனால் அவர்கள் சென்றது படம் காட்டியதைச் செய்வதற்கன்று. படம் மறைத்ததைச் செய்வதற்கே. மாஜ் கல்ஹூன் 1958இல் ஹவாயின் மக்காகாப் போட்டியில் வென்றார். 1959இல் அங்கு வென்றவர் கலிபோர்ணியாவின் லிண்டா பென்சன் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி. 1961இல் வெளிவந்த 'கிட்ஜெற்' இரண்டாம் படத்தில், நாயகிக்குப் பதிலாக அலையேறியவர் இந்த லிண்டா பென்சனே. இம்முறை நாயகியின் உடைக்குள் இருந்தவர் கடலறிந்த பெண்; அவர் முகம் மட்டும் படத்தில் இல்லை.