ரொட்டியும் போதனையும்

விரைவுணவின் தீங்குகள் பற்றி எம் பத்திரிகைகளில் வெளிவரும் கட்டுரைகளை வாசிக்குந்தோறும், அவை யாருக்காக எழுதப்படுகின்றன என்ற கேள்வி எமக்கு எழுகின்றது. கொழும்பிலே குளிரூட்டிய கடையொன்றில் பேர்கர் வாங்கியுண்ணும் இளைஞனே அவற்றின் வாசகன் போலும். "வீட்டிலே சமைத்து உண்" என்பது அவனுக்குக் கூறப்படும் புத்தி. நல்ல புத்திதான். ஆயின், ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிக்க உலகமெல்லாம் திரண்டு வரும் தெமோதரை மலைச்சரிவிலே, லயத்தில் வாழும் கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவள் வீட்டிலேதான் சமைக்கின்றாள். அவள் சமைப்பதே விரைவுணவு!

நாம் விளையாட்டாகச் சொல்லவில்லை. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு அற்றபோது, பங்கீட்டின் வழியே கோதுமை மா தோட்டங்களுக்குள் பெருமளவிற் புகுந்தது. யுத்தம் முடிந்தது, மா போகவில்லை. உதவி என்ற பெயரில் அமெரிக்க மா வந்தது. 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியது. ரொட்டி நிலைத்தமைக்குச் சுவையைக் காரணங்காட்டுவோர் தோட்டத்து விடியலை அறியாதோர். இருளில் எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டியவளுக்குச் சோறும் இரு கறியும் ஆக்க நேரமேது? மாவில் உப்பும், கைக்கு எட்டினால் சிறிது தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தட்டிப் போட்டால் காலைக்கும் மதியத்துக்கும் ஆயிற்று. தொட்டுக்கொள்ளச் சம்பல்.

தவிடு நீங்கிய மா விரைவிற் சீனியாகிக் குருதியிற் கலக்கின்றது. பசியும் விரைவில் மீள்கின்றது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே வேண்டுமென்கிறது உலக சுகாதார தாபனம். கறியில்லாத உணவை இறக்குவதற்கு உப்பும் உறைப்புமே துணை என்பதை அது எண்ணிற்றோ அறியோம். ரொட்டியோடு குடிக்கும் சாயத் தேத்தண்ணீர், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கின்றது. தான் கொய்த கொழுந்தே தன் இரத்தத்தை வெளிறச் செய்யும் கொடுமையை எந்தக் கவிஞன் கற்பனை செய்தான்?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வளர்ச்சி குன்றியோர். தோட்டப் பகுதியிலோ சுமார் 32 பேர். எடை குறைந்து பிறந்தோரைப் பிற்காலத்தில் நீரிழிவும் இருதய நோயும் எளிதிற் பற்றும் என்பதைப் பிரித்தானிய வைத்தியர் டேவிட் பார்க்கரின் ஆராய்ச்சிகள் உணர்த்தின. அத்தகைய பிள்ளை வளர்ந்து பதுளை நகரில் வேலை தேடும்போதுதான் கொத்து ரொட்டியும், பொரித்த ரோல்ஸும், பக்கெட் நூடில்ஸும், இனிப்புச் சோடாவும் அதை எதிர்கொள்கின்றன. வறுமையின் நோயும் வளத்தின் நோயும் ஒரே உடலிற் குடியேறுகின்றன.

இதற்கு நாவடக்கமின்மையே காரணம் என்பார்க்கு 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றைக் காட்டுவோம். இருபது பேருக்கு இரண்டு வாரம் ஆலையுணவும், இரண்டு வாரம் எளிய உணவும், விரும்பிய அளவு உண்ணுமாறு அளிக்கப்பட்டன. பரிமாறிய சீனி, கொழுப்பு, உப்பு முதலியன இரண்டிலும் ஒத்தவையே. எனினும் ஆலையுணவு உண்ட நாட்களில் அவர்கள் தினமும் ஏறத்தாழ 500 கலோரி மிகையாக உண்டனர். உணவின் ஆக்கத்திலேயே பொறி இருக்கின்றது. உண்பவனை மட்டும் ஏசுவதில் நியாயமில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறமாட்டோம். 2016இல் குளிர்பானங்களுக்கு நிறக்குறி வந்தது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனியிருந்தாற் சிவப்பு. பயனுள்ள ஏற்பாடே. ஆனாற் கொத்துக் கடைத் தட்டில் எந்த நிறத்தைப் பார்ப்பது?

வெலிமடையின் மரக்கறி லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றது. அதே ஊவாவின் லயங்களில் மா பிசைகிறார்கள். ஆயிரம் ரூபா நாட்கூலி, பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இலேதான் வர்த்தமானியில் ஏறியது. மறுவருட நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்காகி அந்த ஆயிரத்தை விழுங்கிற்று. காய்கறி உண்ணுமாறு போதிக்கும் நண்பர்கள், அடுத்த கட்டுரைக்கு முன் ஒரு கிலோ போஞ்சியின் விலையைத் தோட்டத்துக் கடையில் விசாரித்து, அதை ஒருநாட் கூலியோடு வைத்துப் பார்க்கட்டும். லயத்தருகே கீரை போட ஒரு துண்டு நிலமும், மலையிலே சூடான மதியவுணவும் கேட்டு எழுதட்டும். அதை நாமும் விரும்பி வாசிப்போம்.