மாட்டுக்குப் பெயர் உண்டு, மேய்த்தவனுக்கு?

சிற்றூர் நினைவுகளை எழுதுவோர் தொகை பெருகி வருகிறது. நகரத்தில் குடியேறி, நல்ல உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்ட ஒருவர் ஒருநாள் தம் இளமைக்கால ஊரை நினைக்கிறார். பாட்டியின் கைப்பக்குவம் நினைவுக்கு வருகிறது. திண்ணை வருகிறது, கிணறு வருகிறது, தொழுவம் வருகிறது. லட்சுமி என்ற பசு வருகிறது. மயிலைக் காளை வருகிறது. வாலைக் குழைத்துக்கொண்டு மணி என்ற நாய் வருகிறது. கன்று ஈன்ற இரவும், மறுநாள் காய்ச்சிய சீம்பாலும் வருகின்றன. எல்லாம் வருகின்றன, தோழர்களே! வராதவன் ஒருவன்தான். அந்த லட்சுமியை நாள்தோறும் காட்டுக்கு ஓட்டிச் சென்று, வெயிலில் வெந்து, வயிறு நிறைந்த மாட்டுக்குப் பின்னால் வயிறு ஒட்டி வீடு திரும்பினானே, அவன்! 'மாட்டுக்காரப் பையன்' என்ற இரண்டு சொற்களோடு அவன் கணக்கு முடிந்துவிடுகிறது.

மாட்டுக்குப் பெயர் உண்டு. மேய்த்த மனிதனுக்குப் பெயர் இல்லை. மறதி என்று இதனை விட்டுவிடலாமா? ஒருவர் மறந்தால் மறதி. எழுதுகின்ற எல்லாரும் ஒரே ஆளை மறப்பார்களானால் அது மறதியன்று; பழக்கம். அந்தப் பழக்கத்தின் வேர் எங்கே என்று பார்ப்பது திறனாய்வாளன் கடமை.

பழைய நினைவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பாட்டியை நினைப்பதும், பசுவின் நெற்றியை வருடியதை நினைப்பதும் மனித இயல்பு. ஆனால் நினைவு என்பது ஏட்டில் ஏறியவுடன் சான்றாகிவிடுகிறது. 'அந்தக் காலத்து ஊர் இப்படித்தான் இருந்தது' என்று நாளைய தலைமுறை நம்பப்போவது அந்தச் சான்றை வைத்துத்தான். சாட்சி சொல்ல வந்தவர் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினால், கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா?

இத்தகைய கட்டுரைகளின் நடையைச் சற்றே உற்று நோக்குங்கள். விடியும்போது தொழுவம் துப்புரவாக இருக்கும். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கும். களத்தில் நெல் குவிந்திருக்கும். இதுதான் அவற்றின் வாய்பாடு. இருக்கும், நிறைந்திருக்கும், குவிந்திருக்கும்! தாமாகவா? சாணம் தானே எழுந்து எருக்குழிக்கு நடந்ததா? தண்ணீர் தானே கிணற்றிலிருந்து ஏறி வந்ததா? தொழுவமும் தொட்டியும் களமும் எழுவாய்களாகிவிட, செய்தவன் வாக்கியத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டான். இலக்கணத்தில் தோன்றா எழுவாய் உண்டு. இங்கோ, தோன்றா மனிதன்!

அந்தத் தோன்றா மனிதனைத் தோன்றச் செய்த நூல்கள் தமிழில் உள்ளன. மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: பூமணியின் 'பிறகு' (1979), பாமாவின் 'கருக்கு' (1992), பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000). முதலும் மூன்றும் நாவல்கள். நடுவில் உள்ளது தன்வரலாறு. மூன்றும் குடும்பத்தையும் உழைப்பையும் ஊரையும்தான் பேசுகின்றன. ஆனால் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கவில்லை. தொழுவத்திலிருந்தும் காட்டிலிருந்தும் பார்க்கின்றன.

மாடு செத்த அன்று வீடே அழுதது என்று எழுதாத நினைவுக் கட்டுரை குறைவு. அந்த அழுகை பொய்யன்று. ஆனால் அழுது முடிந்தபின் என்ன நடந்தது? கட்டுரை அங்கே நின்றுவிடுகிறது. பூமணியின் உலகம் அங்கேதான் தொடங்குகிறது. மணலூத்து என்னும் ஊரின் சக்கிலியர் குடியைச் சேர்ந்த அழகிரி தோல் வேலை செய்பவர். ஊராருக்குச் செருப்புத் தைப்பது அந்தக் கை. கமலையின் தோற்கருவிகளைச் செப்பனிடுவதும் அந்தக் கை. கமலை இறைப்பை அறியாத இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும்: கிணற்று மேட்டின் சரிவில் இரு காளைகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்க, நீர் நிறைந்த கூனை மேலேறும், அதனோடு பிணைத்த தோற்குழாய் வழியே நீர் வாய்க்காலில் கொட்டும். காளை இழுத்தது, காளையின் தோல் நீரைச் சுமந்தது. உயிரோடு இருந்தபோதும் உழைத்து, செத்த பின்னும் உழைத்தது மாடு! அந்தத் தோலை உரித்து, பதப்படுத்தி, தைத்து, நிலத்துக்கு நீர் ஏறச் செய்த மனிதனோ தீண்டத்தகாதவன். அவன் கை பட்ட தோலின் வழியே வந்த நீரில் விளைந்த நெல்லுக்குத் தீட்டில்லை. அவனுக்கு மட்டும் தீட்டு! இந்த முரணை மேடை போட்டு முழங்காமல், அழகிரியின் அன்றாடப் பேச்சிலும் மகளைப் பற்றிய கவலையிலும் காட்டியதே 'பிறகு' நாவலின் வெற்றி. இரக்கத்துக்குரிய பொம்மையாக அல்ல, தொழில் தெரிந்த மனிதராக அழகிரி அந்நூலில் நிமிர்ந்து நிற்கிறார்.

'வேலைக்காரர்களும் எங்கள் குடும்பத்தில் ஒருவரைப் போலத்தான்' என்பது நினைவுக் கட்டுரைகளின் மற்றொரு பல்லவி. கேட்க இனிக்கிறது. இதற்கு 'கருக்கு' தரும் விடை கூர்மையானது. பாமாவின் பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்தவர். நேற்றுப் பிறந்த குழந்தை அந்த முதியவரைப் பெயர் சொல்லி அழைக்கும். அவரோ அந்தக் குழந்தையை 'அய்யா' என்று அழைக்க வேண்டும். குடிக்கக் கேட்டால் தண்ணீர் மேலிருந்து ஊற்றப்படும். கையேந்திக் குடிக்க வேண்டும். தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தின் மேல் கை படாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு சிறுமி சிரிக்கிறாள்; அதன் காரணத்தை அண்ணன் சொன்ன பிறகு அவளால் சிரிக்க முடியவில்லை. குடும்பத்தில் ஒருவரை எந்தக் குடும்பம் இவ்வாறு நடத்தும்? முறைப்பெயர் சொல்லி அழைக்காத உறவு என்ன உறவு? வீட்டுப் பாத்திரம் தராத பாசம் என்ன பாசம்?

கவனியுங்கள்: பாமாவின் நூலிலும் பாட்டி உண்டு, விளையாட்டு உண்டு, விறகு பொறுக்கிய காடு உண்டு. பனங்கருக்கின் இருபக்க அரத்தையே தம் நூலுக்குப் பெயராக வைத்தார் அவர். நினைவு இனிக்கவும் செய்யும், அறுக்கவும் செய்யும் என்பதை மறைக்காத நேர்மை அது.

மூன்றாவது நூல் நம் பொருளுக்கு மிக அண்மையில் நிற்கிறது. கொங்கு நாட்டில் கவுண்டர் பண்ணையத்துக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட மாதாரிச் சிறுவன் கூளையன். பண்ணையக்காரரின் மகன் செல்வனும் ஏறத்தாழ அவன் வயதினனே. இரவில் பட்டிக் காவலுக்கு இருவரும் சேர்ந்து போகிறார்கள், பேசுகிறார்கள், விளையாடுகிறார்கள். அதே செல்வன், நினைத்த நொடியில் எசமானன் ஆகிவிடுகிறான். விடிந்தால் ஒருவன் பள்ளிக்கு; மற்றவன் காட்டுக்கு! இரண்டு சிறுவர்களும் வளர்ந்து இதே இரவுகளைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். செல்வன் எழுதுவது விண்மீன்களைப் பற்றிய இனிய கட்டுரையாக இருக்கும். கூளையன் எழுதுவது? எழுத அவனுக்கு எழுத்து எங்கே கற்பிக்கப்பட்டது? சிற்றூர் நினைவு இலக்கியத்தின் இரகசியம் முழுதும் இந்த ஒரு வினாவில் அடங்கியிருக்கிறது. பள்ளிக்குப் போனவன் நினைவு ஏடாயிற்று. ஆட்டோடு போனவன் நினைவு அவனோடு போயிற்று.

ஆடுகளை அறிந்தவன் யார்? கூளையனே. எது முரடு, எது தாய்மடியை விட்டு விலகாதது, எது வேலி தாண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவற்றின் மேல் அவனுக்குள்ள அன்புக்கு ஈடில்லை. ஆனால் ஓர் ஆட்டின் கால் குளம்புகூட அவனுக்குச் சொந்தமில்லை. உடைமை ஒருவனிடம், உறவு வேறொருவனிடம்! விலங்குகளிடம் அன்பு காட்டியதைச் சான்றாக வைத்து ஊரே அன்பு மயமாக இருந்தது என்று வாதிடுவோர் இந்நூலைப் படிக்க வேண்டும். ஆட்டுக்குக் காட்டிய பரிவை ஆட்டுக்காரச் சிறுவனுக்குக் காட்டாத வீடுகளும் அந்த ஊரில்தான் இருந்தன.

நம் பக்கத்து எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல். அடியையும் பசியையும் மட்டுமே எழுதினால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். போதாது. கூளையனும் அவன் தோழர்களும் காட்டில் சிரிக்கிறார்கள், சண்டையிடுகிறார்கள், கூடி உண்கிறார்கள். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் எஞ்சுவது மனிதனன்று, சுவரொட்டி. அடிமைப்படுத்தப்பட்டவனுக்கும் முழு நெஞ்சு உண்டு என்று காட்டும்போதுதான், அவனை அடிமைப்படுத்தியதன் கொடுமை முழுதும் தெரியும்.

'நடந்து முடிந்த கதை, இப்போது எதற்கு?' என்று கேட்போர் உளர். 1953-இல் சென்னை மாநிலத்துச் சிற்றூர்களில் தொடக்கப் பள்ளி நேரம் குறைக்கப்பட்டு, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழில் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 1954-இல் கைவிடப்பட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. 2009-இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தலாகாது என்று விதித்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத்துக்கு உதவலாம் என்று ஒரு வாயிலும் திறந்து வைத்தார்கள். அப்பா கடையில் பிள்ளை ஒருமணி நேரம் உட்காருவதும் 'குடும்பத்துக்கு உதவி'. கூலிக்கு ஆடு மேய்க்கும் தந்தைக்குப் பதிலாகப் பிள்ளை காட்டுக்குப் போவதும் 'குடும்பத்துக்கு உதவி'யாகவே காட்டப்படும். 'அந்தக் காலத்தில் பிள்ளைகள் மாடு மேய்த்தே வாழ்க்கையைக் கற்றார்கள்' என்று எழுதும் இனிய கட்டுரை, அந்த வாயிலுக்குத் தோரணம் கட்டுகிறது. எழுதியவருக்கு அந்த எண்ணம் இல்லாதிருக்கலாம். ஆனால் அவர் மாடு மேய்த்தது விடுமுறையில்; விரும்பினார், மேய்த்தார்; அலுத்தது, வீடு திரும்பினார். திரும்ப முடியாதவனுக்கு அது கல்வியன்று, தளை.

எனவே, தோழர்களே, இனி ஒரு சிற்றூர் நினைவைப் படிக்கும்போது மூன்று வினாக்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொழுவத்தைத் துப்புரவாக்கியது யார்? அவரை அந்த வீட்டார் என்ன சொல்லி அழைத்தனர்? வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக அவரால் முடிந்ததா? இம்மூன்றுக்கும் விடை சொல்லும் எழுத்தைப் போற்றுங்கள். எழுதியவர் எந்தக் குடியில் பிறந்தார் என்று பார்க்க வேண்டியதில்லை. பண்ணைவீட்டுப் பிள்ளையும் நேர்மையாக நினைத்துப் பார்த்தால் இவ்விடைகளைத் தர இயலும்.

உங்களுள் எழுதும் ஆற்றல் உடையோர் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தெருவின் இரு பகுதிக்கும் போங்கள். காட்டிலும் களத்திலும் உழைத்து ஓய்ந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் கேளுங்கள், எந்த மாடு, எந்தக் காடு, என்ன கூலி என்று கேட்டு எழுதுங்கள். அவர்தம் பெயரை அவர்கள் விரும்பும் வண்ணம் மரியாதையோடு எழுதுங்கள். அவர்கள் கண்மூடிவிட்டால் அந்த ஊரின் பாதி வரலாறு அவர்களோடு புதையும். எஞ்சுவது லட்சுமியின் பெயர் மட்டுமே.