நெடும்பணியும் அதபும்: சீறாப்புராண ஆக்கம் தரும் பாடங்கள்

நெடிய படைப்பொன்றைத் தொடங்குவதற்கான ஊக்கம் எளிதில் பிறக்கும். அதனை ஈறு வரை கொண்டு செலுத்துவதே அரிது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் கவிதையில் வடிக்க வேண்டும், ஸஹாபாக்களின் வாழ்வைப் புதினமாக்க வேண்டும், இறைநேசர்களின் சரிதத்தைக் காப்பியமாகப் பாட வேண்டும் என்னும் ஆர்வம் நம்மிடையே எக்காலத்தும் குன்றியதில்லை. ஆயினும் முதற்பாகம் என்ற அறிவிப்போடு வெளிவந்து, இரண்டாம் பாகம் காணாது நின்றுவிட்ட நூல்கள் நம் நூலகங்களில் ஒன்றிரண்டல்ல. நிறைவுற்றவற்றுள்ளும், அச்சேறிய பின்னர் ஆலிம்களின் மறுப்புக்கு உள்ளாகி, ஓதுவாரின்றி ஒதுங்கியவை உண்டு. இவற்றுக்கெல்லாம் ஆசிரியரின் ஆற்றற் குறைவே காரணம் என எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் பிழை ஆற்றலில் இல்லை. பணி ஒழுங்கு செய்யப்பட்ட முறையில் இருக்கிறது என்பதே நம் கருத்து.

'அதபு' என்னும் அரபுச் சொல் இலக்கியத்தையும் குறிக்கும், ஒழுக்கத்தையும் குறிக்கும். ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைத்துப் பேணுதல் என அறிஞர்கள் அதற்கு விளக்கம் கூறுவர். நெடும்படைப்புக்கு வேண்டிய ஒழுங்கு முழுவதும் இந்த விளக்கத்துள் அடங்கும். மூலச் செய்திக்கு உரிய இடம் எது, கற்பனைக்கு உரிய இடம் எது, புரவலருக்கு உரிய இடம் எது, தன் ஆயுளுக்கு உரிய அளவு எது என அறிந்து தொடங்குகிறவனே முடிக்கிறான். இதனைத் தமிழ் முஸ்லிம்களின் தலையாய காப்பியமாகிய சீறாப்புராணத்தைக் கொண்டே ஆராயலாம். அதன் நிறைவிலிருந்து கற்பது போலவே அதன் நிறைவின்மையிலிருந்தும் நாம் கற்கலாம்.

உமறுப்புலவர் எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர். அவரது தமிழ்ப் புலமையில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. எனினும் சீறாவின் பணி புலமையிலிருந்து தொடங்கவில்லை. வழிவழியாக வழங்கும் செய்தி இது: வள்ளல் சீதக்காதி இக்காப்பியத்தைப் பாடுமாறு புலவரைத் தூண்டினார், அதற்கு வேண்டிய வரலாற்றுச் செய்திகளைப் பெறுமாறு கீழக்கரை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் அனுப்பினார், அப்பா அவர்கள் புலவரின் தோற்றத்தைக் கண்டு முதலில் மறுத்தார்கள், பின்னர் மனம் இசைந்து, பரங்கிப்பேட்டையில் இருந்த லெப்பை அலி ஹாஜியாரிடம் செய்திகளைப் பெற வழிகாட்டினார்கள்.

இந்த மறுப்பையும் இசைவையும் கராமத்துக் கதையாக மட்டும் சொல்லி மகிழ்வது நம் வழக்கமாகிவிட்டது. அதன் விவரங்கள் ஒவ்வொன்றும் நிகழ்ந்தபடியே வந்து சேர்ந்தனவா என்னும் வினாவை ஒரு புறம் வைப்போம். நம் முன்னோர் இச்செய்தியைப் பேணிக் காத்ததன் நோக்கம் யாது? தமிழில் எத்துணை வல்லவராயினும், நாயகத் திருமேனியைப் பற்றிப் பாடுமுன் அறிந்தோர் வாயிலில் நின்று கேட்டாக வேண்டும் என்பதே அந்நோக்கம். பாடிய பின் ஆலிமிடம் அணிந்துரை வாங்குவது வேறு. பாடுமுன் ஆலிமிடம் பாடம் கேட்பது வேறு. முன்னது மரியாதை மட்டுமே. பின்னது பணியின் அடித்தளம். இன்று நம்மிடையே அணிந்துரைகள் பெருகியுள்ளன. பாடம் கேட்டல் அருகிவிட்டது.

சீறா எழுந்த அமைப்பில் மூவர் பங்கு தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. செய்தி தந்தவர் ஆலிம். செய்யுள் யாத்தவர் புலவர். வாழ்வுக்கு வழி செய்தவர் புரவலர். ஒருவர் பங்கில் மற்றவர் புகவில்லை. இப்பிரிவின் பயனை நூலின் உள்ளேயே காணலாம். நாட்டுப் படலத்தில் அரபு நாடு தமிழ் நாடு போலவே காட்சி தருகிறது. மலையும் காடும் வயலும் ஆறும் ஐந்திணை மரபுப்படி விரிகின்றன. பாலை நிலத்தில் இத்துணை நீர்வளம் ஏது என இதனைக் குறைகூறுவோர் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நிலத்தை வருணிப்பது காப்பிய மரபு புலவனுக்கு வழங்கிய உரிமை. கேட்போன் தன் மண்ணின் வழியாகவே அயல் மண்ணுக்குள் நுழைகிறான். மக்காவின் வரைபடத்தை அறிவதற்காக எவரும் நாட்டுப் படலத்தை ஓதுவதில்லை. ஆனால் நாயகத்தின் சொல்லும் செயலும் வருமிடத்தில் இந்த உரிமை முடிந்துவிடுகிறது. அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவது பற்றி ஹதீஸில் வந்துள்ள எச்சரிக்கை கவிஞனுக்கு விலக்கு அளிக்கவில்லை. மூலம் மௌனமாக இருக்குமிடத்தில் கற்பனை செல்லலாம். மூலம் பேசுமிடத்தில் கற்பனை கைகட்டி நிற்க வேண்டும். இந்த ஒரு விதி தெளிவானால், இன்று நம் புதினங்களைச் சுற்றி எழும் சச்சரவுகளுள் பாதி எழாது.

மறுபாதி பற்றியும் சொல்ல வேண்டும். மானுக்குப் பிணை நின்ற படலம் சீறாவில் மக்கள் உள்ளத்தை மிகக் கவர்ந்த பகுதி. அந்நிகழ்ச்சி புலவர் புனைந்ததன்று. பைஹகீ (ரஹ்), அபூநுஐம் (ரஹ்) ஆகியோரின் 'தலாயில்' நூல்களில் இடம்பெற்றது. எனினும் அதன் அறிவிப்புத் தொடர்கள் வலுவற்றவை என ஹதீஸ்கலை வல்லுநர் குறை கண்டுள்ளனர். அடிப்படையே இல்லை என்றார் இப்னு கஸீர் (ரஹ்). பல வழிகள் ஒன்றையொன்று தாங்குவதாகக் கண்டோரும் உளர். இத்தகைய செய்தியைக் காப்பியத்துள் சேர்க்கலாமா என்பது நியாயமான வினா. ஆனால் அவ்வினாவுக்கு விடை கூற வேண்டியவர் புலவர் அல்லர், செய்தி தந்தவர். தமக்குத் தரப்பட்டதைப் புலவர் நம்பினார். தம் கலையால் அதற்கு உயிரூட்டினார். எனவே மூலத்தைத் தேர்ந்து தருவோர், இது உறுதியானது, இது பலவீனமானது, இது மக்கள் வழக்கு என்று தொடக்கத்திலேயே தரம் பிரித்துத் தருவது கடமை. நூல் வெளியான பின் கவிஞனைக் கூண்டில் ஏற்றுவது அநீதி.

இனிப் பணியின் அளவைக் காண்போம். சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களும், 92 படலங்களும், 5027 விருத்தங்களும் உடையது. முதற் காண்டத்தில் 24 படலங்கள், இரண்டாவதில் 21, மூன்றாவதில் 47. முதலிரு காண்டங்களும் சேர்ந்து 45 படலங்களாக, மூன்றாவது காண்டம் தனியே அவற்றை விஞ்சி நிற்கிறது. அவ்வாறு விரிந்தும் அது முடிவை எட்டவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு காப்பியம் நின்றுவிடுகிறது. அது ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு நிகழ்வாகச் சரித ஆசிரியர்கள் குறிப்பது. ஹுதைபிய்யா உடன்படிக்கையும், ஹிஜ்ரி 8இல் நிகழ்ந்த மக்கா வெற்றியும், 10இல் ஆற்றிய இறுதி ஹஜ்ஜும், 11இல் நேர்ந்த மறைவும் உமறுவின் பாடலில் நமக்குக் கிட்டவில்லை. பகைவரை வென்ற நாளில் அவர்களை மன்னித்தருளிய காட்சியை அப்பெருங்கவிஞர் எவ்வாறு பாடியிருப்பார் என எண்ணி ஏங்காத வாசகர் இலர்.

பாடல் நின்றமைக்குக் காரணம் எதுவாயினும், படைப்போர் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பொருள் வளர வளர அளவும் வளரும். மதீனா வாழ்வில் போர்களும் தூதுகளும் அற்புதங்களும் அடுத்தடுத்து வருவதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு படலம் என்னும் கணக்கில் காண்டம் நீண்டது. தொடக்கத்தில் வருணனைக்கு வாரி வழங்கியவனுக்கு ஈற்றில் காலம் கடன் தருவதில்லை. இதனைக் குறையாகக் கூறி உமறுவின் பெருமையைச் சிறுமைப்படுத்துவது நம் கருத்தன்று. நெடும்பணியை மேற்கொள்வோன் முடிவுப் பகுதியின் திட்டத்தை முதற்செய்யுளுக்கு முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று தமிழில் வேண்டுவதில்லை.

பணியைத் தொடர்ந்து நடத்துவது பற்றி அரபு இலக்கியத்தில் நாம் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. பல மதரஸாக்களில் பாடமாக ஓதப்பட்டு வரும் 'மகாமாத்' நூலை இயற்றிய இமாம் ஹரீரீ (ரஹ்), ஹிஜ்ரி 516இல் (கி.பி. 1122) மறைந்தவர். ஐம்பது மகாமாக்களைக் கொண்ட அந்நூலை அவர் முதலிலிருந்து வரிசையாக எழுதவில்லை. இன்று 48ஆவதாக நிற்கும் 'ஹராமிய்யா'வே முதலில் பிறந்தது. அது பாராட்டப்பட்ட பின்னரே ஏனையவற்றை எழுத முனைந்தார். இப்னு கல்லிகான் (ரஹ்) தரும் ஒரு செய்தி இன்னும் சுவையானது. நாற்பது மகாமாக்களோடு பக்தாத் வந்த ஹரீரீயை, இவை உம்முடையவை அல்ல என்று சிலர் ஐயுற்றனர். அவ்விடத்திலேயே ஒன்று எழுதிக் காட்டுமாறு பணிக்கப்பட்டபோது அவரால் ஒரு சொல்லும் எழுத இயலவில்லை. நாணத்தோடு பஸ்ராவுக்குத் திரும்பினார்; தம் இல்லத்தில் அமர்ந்து மேலும் பத்து எழுதி அனுப்பினார். அதிகாரத்தின் முன்னிலையில் மூடிக்கொண்ட ஊற்று, அமைதியில் திறந்துகொண்டது. எழுத்தாளனை மேடையில் நிறுத்தி, அடுத்த மீலாது விழாவுக்குள் காவியம் வேண்டும் என்று நாள் குறிக்கும் நம் விழாக் குழுவினர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

முன்னோரிடம் காட்ட வேண்டிய மரியாதையையும் ஹரீரீ கற்றுத் தருகிறார். இத்துறையில் தமக்கு முந்தியவர் பதீவுஸ்ஸமான் ஹமதானீயே என முன்னுரையில் அவர் வெளிப்படையாகக் கூறிவிடுகிறார். பாரசீகத்தில் பிர்தவ்சியின் செயலும் இத்தகையது. தகீகீ என்னும் கவிஞர் ஷாஹ்நாமாவைத் தமக்கு முன் தொடங்கி, ஏறத்தாழ ஆயிரம் ஈரடிகளோடு கொலையுண்டு மறைந்தார். பிர்தவ்சி அவ்வடிகளை அவர் பெயரைச் சொல்லியே தம் நூலில் சேர்த்துக்கொண்டார். அவற்றின் தரம் குறித்துத் தமக்கிருந்த மாற்றுக் கருத்தையும் மறைக்கவில்லை. பெயரை மறைக்காமலும் குறையை மறைக்காமலும் இருப்பது நேர்மையான மரியாதை.

சீறாவின் எஞ்சிய பகுதியைப் பாடிய பனீ அகமது மரைக்காயரிடமும் இந்த நேர்மை காணப்படுகிறது. தம் பாடல்களை உமறுவின் பெயரால் ஒட்டிவிடாமல் தனி நூலாகவே அவர் வழங்கினார். அது 'சின்னச் சீறா' எனப் பெயர் பெற்றது. அப்பெயரில் உள்ள 'சின்ன' என்னும் அடைமொழியே ஓர் எல்லைக் கல். பெரியது இன்னாருடையது, தொடர்ச்சி இன்னாருடையது என்று பிற்காலத்தார் மயங்காமல் இருக்க அது உதவுகிறது. பிறர் விட்ட பணியைத் தொடர விரும்பும் இளைஞர்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டா.

புரவலர் பற்றியும் ஒரு சொல். சீதக்காதிக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் பணி தொடர்ந்தது. அவரது கொடையைப் புலவர் காப்பியத்துள் பல இடங்களில் நினைவுகூர்கிறார். சடையப்ப வள்ளலைக் கம்பர் நினைவுகூர்ந்த மரபு அது. ஆதரித்தவர் மாறியபோதும் பணி மாறவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. ஒருவர் கைவிட்டுச் செல்லுமிடத்தில் இன்னொருவர் ஏற்றார். நன்றிக்குரிய இடம் நூலில் அவருக்குக் கிடைத்தது. நூலின் பொருளைத் தீர்மானிக்கும் இடம் அவருக்கு அளிக்கப்படவில்லை. இன்று வெளியீட்டு விழாவுக்குப் பெருந்தொகை செலவிட முன்வருவோர், நூல் எழுதப்படும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு எழுத்தாளனின் இல்லத்து அடுப்பு எரிய வழி செய்வாராயின் பயன் பெரிதாகும்.

எழுதி முடித்ததோடு பணி முடிந்துவிடுவதுமில்லை. ஓலைச் சுவடிகளில் தங்கியிருந்த சீறா 1842இல் அச்சேறிற்று. அதனைப் பதிப்பித்த புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் தாமே காப்பியங்கள் பாடிய பெருங்கவிஞர். தம் நூல்களோடு அமைந்துவிடாது, முன்னோர் நூலைக் காத்தலையும் கடனாகக் கொண்டார். ஆலிமாகவும் புலவராகவும் பதிப்பாசிரியராகவும் விளங்கிய அவரைப் போன்றோர் ஒரு தலைமுறையில் ஒருவரே தோன்றுவர். அத்தகையவருக்காகக் காத்திருப்பதைவிட, மூவர் பணியை மூவரே செய்யும் ஒழுங்கை அமைப்பது அறிவுடைமை.

அவ்வொழுங்கில் முதற்பொறுப்பு நம் அரபுக் கல்லூரிகளுடையது என்றே கருதுகிறோம். மேல்வகுப்பு மாணவர்களைக் கொண்டு, ஸீரத்தின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உரிய மூலங்களைத் திரட்டி, உறுதியானது, பலவீனமானது, ஆதாரமற்றது எனத் தரம் பிரித்து, எளிய தமிழில் கையேடாகத் தருவது இயலாத செயலன்று. ஆண்டுக்கு ஒரு பகுதி என வகுத்தால் சில ஆண்டுகளில் அது நிறைவெய்தும். எழுத முனையும் கவிஞர், படலந்தோறும் ஓர் ஆலிமின் முன் ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளும் அமர்வுகளையும் அங்கேயே நடத்தலாம். தமிழறிந்த ஓர் இளைஞன் தாளும் எழுதுகோலும் ஏந்தி இன்று நம் வாயிலில் வந்து நிற்பானாயின், அவன் தோற்றத்தைக் கண்டு மறுப்பது எளிது. மறுத்த பின்னும் இசைந்து, செய்தி தரும் ஒருவரிடம் அவனை அனுப்பிவைத்த பெரியாரின் வழியில் நாம் செல்ல வேண்டுமாயின், அவன் சென்று சேர்வதற்கு ஒரு பரங்கிப்பேட்டையை நாம் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.