கொற்கை: செத்த துறைமுகத்தின் பெயரில் ஒரு நாவல்

ஜோ டி குரூஸின் 'கொற்கை' 2009இல் வந்தது. 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். படித்தவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயம்தான் சொல்கிறார்கள்: பரதவர் வாழ்க்கையை இவ்வளவு விரிவாக யாரும் எழுதியதில்லை, பாத்திரங்கள் அதிகம், நினைவில் நிற்கவில்லை. இரண்டும் சரிதான். ஆனால் தலைப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசக் காணோம்.

கதை நடப்பது இருபதாம் நூற்றாண்டுத் தூத்துக்குடியில். பிறகு ஏன் கொற்கை? பாண்டியரின் முத்துத் துறை இன்றைக்குக் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே கிடக்கும் சின்ன ஊர். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. பழம்பெருமைக்காக வைத்த பேர் என்று எடுத்துக்கொண்டால் அது வெறும் கொடிதான். எனக்கு அது எச்சரிக்கையாகப் படுகிறது.

தூத்துக்குடிக் கரையில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட, தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கின. அந்த ஆழமின்மைதான் தண்டல்களுக்கும் தோணி முதலாளிகளுக்கும் சோறு போட்டது. 1974இல் பெருந்துறைமுகம் வந்து கப்பல் நேரே கரையணைந்ததும் அந்த வேலை ஒடுங்கியது. கொற்கையை மண் மூடியது. தோணியை ஆழம் மூடியது. ஊர் வளர்வதும் ஒரு தொழில் சாவதும் ஒரே சமயத்தில் நடக்கும் என்பதை இந்தத் தலைப்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சிலி நாட்டின் வால்பரைசோவும் இப்படித்தான். 1914இல் பனாமா கால்வாய் திறந்ததும், கடலும் கரையும் அப்படியே இருக்க, கப்பல்கள் வேறு வழி போய்விட்டன.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். நாவலின் கண் கரையிலிருந்து கடலைத்தான் பார்க்கிறது. திரும்பி மேற்கே பார்ப்பது குறைவு. 1876இலேயே ரயில் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. கரிசல் பஞ்சு அந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது. செண்பகத்தோப்பு ஓடைகள் சேரும் வைப்பாறுகூட தூத்துக்குடிக்கு வடக்கேதான் கடலில் கலக்கிறது. நம்ம பக்கத்துச் சம்சாரிக்கும் அந்தத் துறைமுகத்தில் பங்கு உண்டு. தரகரும் வண்டிக்காரரும் பஞ்சாலைக்காரரும் கதைக்குள் சரிபாதி இடம் பிடித்திருந்தால், அந்த ஆயிரம் பக்கம் ஒரு சமூகத்தின் வரலாற்றோடு நிற்காமல் ஒரு துறைமுகத்தின் வரலாறாகவும் ஆகியிருக்கும்.

ஆனாலும் சொல்கிறேன், படியுங்கள். கூலிக் கணக்கிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் வெறும் பெயராகக் கிடந்தவர்களுக்குக் காற்றும் பாயும் கோபமும் கொடுத்த புத்தகம் இது. மேற்கிலிருந்து பார்த்து எழுத வேண்டிய மறுபாதி நம்ம ஊர்க்காரர்களின் கடன்.