வாசகர் வரவேற்பும் நடைமாற்றமும்: ‘சந்திரகாந்தா சந்ததி’யை முன்வைத்து

இந்தி நாவல் வரலாற்றில் தேவகிநந்தன் கத்ரியின் (1861–1913) பெயர் சுட்டப்படும்போதெல்லாம் ஒரு செய்தியும் தவறாது உடன் வரும். அவர் எழுதிய ‘சந்திரகாந்தா’வைப் படிக்கும் ஆவலினாலேயே பலர் இந்தி கற்றனர் என்பதே அச்செய்தி. இது பெரிதும் பாராட்டுரையாகவே வழங்கி வருகிறது. மொழியியலாருக்கு இது ஒரு வினா. ஒரு தொடர்கதையின் அடுத்த பகுதிக்காகக் காத்திருந்த வாசகர்கள் உண்மையில் கற்றுக்கொண்டது எதனை?

‘சந்திரகாந்தா’ 1888ஆம் ஆண்டையொட்டி வெளிவரத் தொடங்கியது. நௌகட் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜய்கட் இளவரசி சந்திரகாந்தாவும் கொண்ட காதலும், அமைச்சர் மகன் குரூர் சிங் செய்யும் சூழ்ச்சிகளும், சுனார் மன்னன் சிவதத்தனின் குறுக்கீடும் இதன் கதை. வரவேற்பு மிகுந்ததால், அவ்விருவரின் மக்களைத் தலைவர்களாகக் கொண்டு ‘சந்திரகாந்தா சந்ததி’ 1894 முதல் 1905 வரை 24 பகுதிகளாக விரிந்தது. அதில் கிளைப்பாத்திரமாக நுழைந்த பூத்நாத் என்னும் ஐயார், குற்றம் படிந்த தன் பழைய வாழ்க்கையை மறைத்துத் திரியும் புதிராக வளர்ந்து, இறுதியில் தனி நூல்வரிசைக்கே உரியவனானான். ‘பூத்நாத்’தின் முதல் 6 பகுதிகளை எழுதிய நிலையில் கத்ரி மறைய, எஞ்சியவற்றை அவர் மகன் துர்காபிரசாத் கத்ரி எழுதி முடித்தார். தலைமக்களைக் காட்டிலும் பூத்நாத்தே படிப்போர் நெஞ்சில் நிலைத்தான் என்பதற்கு இவ்வரிசையே சான்று. நேர்மையான இளவரசர்கள் 24 பகுதிகளுக்குத் தாங்கமாட்டார்கள் போலும்.

கற்றது எது என்ற வினாவிற்கு வருவோம். கத்ரி கையாண்ட கதைப்பொருள் புதியதன்று. ஐயார்களும் திலிஸ்ம்களும் பாரசீக, உருது தாஸ்தான்களில் நெடுங்காலம் வழங்கியவை. இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’வின் பெருந்தொகுதிகளை 1883 முதல் வெளியிட்டு வந்தது. ஆகவே, உருது படித்தவருக்குக் கத்ரியின் உலகம் அறிமுகமானதே. அவர் எழுதிய எளிய பேச்சுநடையும் செவிக்குப் பழகியதே. தடையாக நின்றது எழுத்து ஒன்றுதான். அவர்கள் ‘இந்தி கற்றனர்’ என்று கூறப்படுவது பெரும்பான்மையும் நாகரி எழுத்தைக் கற்றதையே குறிக்கும் எனக் கொள்வதே பொருத்தம். காசி நாகரி பிரசாரிணி சபை 1893இல் தோன்றியது. வடமேற்கு மாகாணங்களிலும் அவத்திலும் நீதிமன்றங்களில் நாகரிக்கு இடமளித்த ஆணை 1900 ஏப்ரலில் பிறந்தது. ‘சந்ததி’யின் பகுதிகள் அதே காசியில் அதே ஆண்டுகளில் வெளிவந்தவை. மனுக்களும் தீர்மானங்களும் ஒருபுறம் எழுத்துக்காக வாதாடிக்கொண்டிருக்க, மறுபுறம் ஒரு கதை அவ்வெழுத்தைப் பலரும் தாமே நாடச் செய்தது.

இவ்வரவேற்பை மதிப்பிட்டவர்களுள் இராமச்சந்திர சுக்லர் தலையாயவர். கத்ரியைப் போல் வாசகரைப் பெருக்கிய இந்தி எழுத்தாளர் வேறொருவர் இலர் என்பதை 1929இல் வெளிவந்த தம் இலக்கிய வரலாற்றில் அவர் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் நிகழ்ச்சிகளின் விறுவிறுப்பை மட்டுமே நாடும் இக்கதைகளில் சுவையோ பாத்திரப் படைப்போ இல்லையென்று கூறி, இலக்கிய வரிசையில் இடம் தர மறுக்கிறார். மொழியையும் இலக்கிய இந்தி என்னாமல் ‘இந்துஸ்தானி’ என்றே வகைப்படுத்துகிறார். வாசகர் எண்ணிக்கையை ஒரு தட்டிலும் இலக்கியத் தரத்தை மறுதட்டிலும் வைத்த இத்தீர்ப்பு, அவ்வாசகர்கள் மொழிக்கு என்ன செய்தார்கள் என்பதை ஆராயாமல் விட்டுவிடுகிறது.

கத்ரி அதை ஆராய்ந்திருந்தார் என்பதே வியப்பு. ‘சந்ததி’யின் முடிவில் அவர் தம் மொழிநடை குறித்து ஒரு விளக்கம் தருகிறார். தொடக்கத்திலேயே வடசொற்களை நிரப்பியிருந்தால் எழுத்தறிவு குறைந்த நாட்டுப்புறத்தார் நெருங்கியிருக்கமாட்டார்கள். ஆதலால் அவற்றைச் சிறிது சிறிதாகவே புகுத்தியதாகவும், மாற்றம் எவ்விடத்தில் நேர்ந்தது என்பது புலப்படாவிடினும் தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும் என்றும் கூறுகிறார். பல ஆண்டுகளாக வெளிவந்த தொடரொன்றில் வாசகரின் சொல்வளத்தோடு நடையையும் படிப்படியாக உயர்த்தும் இம்முறை, இன்றைய பாடநூலாக்கத்தில் சொற்களைத் தரப்படுத்திப் புகுத்தும் முறையை ஒத்தது.

எனினும் இவ்விளக்கத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. இது கதை முடிந்தபின், வாசகர் கூட்டம் திரண்டபின் எழுதப்பட்டது. ‘சந்திரகாந்தா’ பொழுதுபோக்காகத் தொடங்கப்பட்டதே என்பதை அவரே அங்கு ஒப்புகிறார். தொடக்கமுதல் திட்டமிட்டதாகக் கொள்வதைவிட, நாகரி இயக்கம் வலுப்பெற வலுப்பெற நடையும் அதனோடு நகர்ந்தது என்பதே ஏற்புடையது. மேலும் கதையின் உயிர்நாடியான ‘ஐயார்’, ‘திலிஸ்ம்’ ஆகிய சொற்கள் இறுதிவரை பெயர்க்கப்படவில்லை. ஐயார் என்பார் யார் என்பதை முன்னுரையிலேயே விளக்கிவிட்டு அச்சொல்லையே அவர் ஆள்கிறார். வாசகர் எதை விரும்பினாரோ அதன் பெயரில் கைவைக்க அவர் துணியவில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விரு சொற்களே முதற்சிக்கல். ‘திலிஸ்ம்’ கிரேக்க மூலத்திலிருந்து அரபி வழியாக வந்த சொல். தாஸ்தான்களில் அது மந்திரத்தால் ஆக்கப்பட்ட மாய உலகம். கத்ரியிடமோ அது சுரங்கவழிகளும் விசைகளும் இயந்திரப் பாவைகளும் நிறைந்த கட்டடம்; புதையலைக் காக்க வல்லுநர் அமைத்தது. நடவாதவற்றை எழுதுகிறார் என்று குறை கூறியவர்களுக்கு அவர் விடையிறுக்க முடிந்ததும் இதனாலேயே. ஆகவே ‘மாயக்கோட்டை’ எனத் தமிழாக்குவது, அவர் விலக்கிய பொருளையே மீண்டும் புகுத்துவதாகும். சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை அறிந்த தமிழுக்குப் ‘பொறி’ என்னும் சொல் கைவசம் உண்டு. ‘பொறிமாளிகை’ மூலத்திற்கு அணுக்கமானது.

‘ஐயார்’ அத்துணை எளிதில் வசப்படாது. மாறுவேடம் பூணுதலும் வேவு பார்த்தலும் திருக்குறளின் ஒற்றனுக்கும் உரியவையே. ஆனால் மயக்க மருந்தும், மயக்கம் தெளிவிக்கும் லக்லகாவும், கமந்து என்னும் ஏறுகயிறும் கொண்ட பையோடு திரிவது ஐயாருக்கே உரியது. போர் மூளாமல் தந்திரத்தால் வெல்வதைத் தொழிலறமாகக் கொண்டு, பகைவனிடம் சிக்கினாலும் கொல்லப்படாத தனி மரபினர் அவர்கள். சபலா போன்ற பெண்களும் அவர்களுள் உண்டு. ‘ஒற்றன்’ இவற்றையெல்லாம் தாங்காது. மூலச்சொல்லையே ஆளலாம் என்றால், தமிழ் எழுத்தில் அது ‘ஐயர்’ என்பதற்கு ஒரு கால் மட்டுமே தள்ளி நிற்கிறது; அச்சுப்பிழை ஒன்று நேர்ந்தால் கதையே வேறாகிவிடும். பூசாரி, வியாபாரி என்னும் வாய்பாட்டில் ‘ஐயாரி’ எனக் கொள்ளலாம். இந்தியில் அது ஆளையன்றிக் கலையையே குறிக்கும் என்பது உண்மை. ஆயினும் தமிழ்ச் செவிக்கு ஆட்பெயராகவே ஒலிக்கும்.

1994 முதல் 1996 வரை தூர்தர்ஷனில் நீரஜா குலேரி அளித்த தொடர் இக்கதையைப் புதிய தலைமுறையிடம் சேர்த்தது. குரூர் சிங்கின் ‘யக்கூ’ என்னும் ஒலிக்குறிப்பு பலர் வாயிலும் புழங்கியது. கதையை அது பெரிதும் மாற்றிக்கொண்டதால், மூலத்தின் மொழி வரலாற்றிற்கு அதனால் கிடைக்கும் சான்று குறைவே.

கடினமானது நடைமாற்றத்தைத் தமிழில் காட்டுவது. தர்பார், திவான், சிப்பாய், உஷார் முதலிய சொற்கள் தமிழிலும் உள; முதற்பகுதிகளை அவற்றால் எழுதிப் பிற்பகுதிகளில் படிப்படியாகக் குறைக்கலாம். அவற்றின் இடத்தில் எவற்றை வைப்பது என்பதில்தான் இரு மொழிகளின் வரலாறும் பிரிகின்றன. கத்ரியின் நடை உயர்ந்தது வடசொற்களை நோக்கி. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்திற்குப் பின் தமிழ்நடை உயர்ந்ததாகக் கருதப்படுவது வடசொற்களை விட்டு விலகும்போது. ‘தர்பார்’ பின்னர் ‘ராஜசபை’ ஆனால் சொல்லின் மூலம் பொருந்தும். வாசகருக்கோ நடை பழமைக்குத் திரும்பியதாகத் தோன்றும். ‘அரசவை’ ஆனால் வாசகர் உணரும் உயர்வு பொருந்தும்; காசியில் அன்று நிகழ்ந்த மொழிச்சார்பு மறைந்துபோகும். பகுதி பகுதியாகக் காத்திருந்து படித்தவரின் அனுபவத்தைப் பெயர்க்க விரும்புவோர் பின்னதையும், ஆவணமாகப் பெயர்க்க விரும்புவோர் முன்னதையும் தேர்ந்து, அத்தேர்வை முன்னுரையில் கத்ரியைப் போலவே வெளிப்படக் கூறிவிடுதல் வேண்டும்.