படமும் வினாவும்

கொழும்புத்துறைக் கடனீரேரிக் கரையில் நிற்கும் பிள்ளையொன்று, சேற்றினின்றும் ஈட்டிபோல் எழும் கண்டல் வேர்களைக் கண்டு, வேர் மேல்நோக்கி வளர்வதேன் என்று வினவுகிறது எனக் கொள்வோம். எந்நூலை அதன் கையிற் கொடுப்பது?

பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, சென்னைத் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அகரவரிசை, பெயரை முன்னரே அறிந்த பிள்ளைக்கே வழிவிடும். நாம் கண்டல் என்பதைத் தமிழகத்தார் அலையாத்தி என்பர். பெயரே வேறுபடுமிடத்துப் பிள்ளை எவ்வெழுத்தைப் புரட்டும்? அவ்விடத்துப் படமே வழிகாட்டல் வேண்டும்.

ஆதலின் நூலைத் தேர்வோர் தாளின் பளபளப்பையும் வண்ணத்தையும் மட்டும் நோக்குதல் போதாது. பிள்ளை கண்ட பொருளைப் படம் இனங்காட்டுகிறதா? அருகே ஒரு நண்டையேனும் வரைந்து அதன் அளவை உணர்த்துகிறதா? நீர் தேங்கிய சேற்றில் ஒட்சிசன் அரிதாகையால் அவ்வேர்கள் மேலெழுந்து சுவாசிக்கின்றன என்ற காரணத்தை உரை கூறுகிறதா? இவையனைத்தினும் மேலாக, படித்த பிள்ளையை மீண்டும் கரைக்கு அனுப்புகிறதா?

இவ்விறுதி வினாவே தலையாய உரைகல். விடையோடு மூடப்படும் நூலினும் புதிய வினாவைப் பிறப்பிக்கும் நூலே சிறந்தது. அத்தகைய நூல் கிடையாதவிடத்து அதனை ஆக்குங் கடன், தமிழும் தாவரவியலும் பயிலும் நம்மையே சாரும்.